மார்பகத்தில் பிறந்ததா, வந்து தங்கியதா? வேறு புற்றைப் போலத் தோன்றும் அரிய மார்பகக் கட்டிகளைக் கண்டறிவது எப்படி

62 வயதுப் பெண் ஒருவர். இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி, வலி இல்லை. ஊசி பயாப்சி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மார்பகப் புற்றின் சாயலே இல்லை. கழுத்தில் தைராய்டில் வருகிற பாப்பில்லரி புற்று மாதிரி இருக்கிறது. நெட்டை நெட்டையான செல்கள், உட்கருவில் காப்பிக்கொட்டையின் நடுக்கோடு போல ஒரு பள்ளம், இடையிடையே தைராய்டுக் கூழ் மாதிரி இளஞ்சிவப்புச் சுரப்பு. சந்தேகத்தில் கழுத்தை ஸ்கேன் செய்தால் அங்கேயும் ஒரு சின்ன முடிச்சு! தைராய்டுப் புற்று மார்புக்குப் பரவிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா?

போட்டால் அந்த அம்மாவின் தைராய்டு அநியாயமாகப் போகும். மார்பில் இருக்கும் உண்மையான நோய்க்கு உரிய சிகிச்சையும் தள்ளிப்போகும்.

இவர் விளக்கத்துக்காக நான் உருவாக்கிய நோயாளி. ஆனால் அவருக்கு இருக்கும் கட்டி நிஜம். கட்டுரை முழுக்க அவர் நம்மோடு வருவார். நோயியல் படிக்கும் மாணவர்களையும், கையில் ஒரு புரியாத பயாப்சி ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மார்பகத்தில் பார்க்கும் புற்றுகளில் மிகப் பெரும்பான்மை பால் நாளப் புற்று. அதற்கடுத்து, பால் சுரக்கும் சிறுமடல்களின் பெயரால் அழைக்கப்படும் லோபுலார் புற்று. இவற்றில் குழப்பம் குறைவு. மீதியிருக்கும் சிறு கூட்டத்தில்தான் ஆள்மாறாட்டம் நடக்கிறது. அங்கே “இது புற்றா?” என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது: மார்பகம் இந்தக் கட்டிக்குப் பிறந்த வீடா, புகுந்த வீடா?

படி 1: முதலில் கதையைக் கேளுங்கள்

பயாப்சியோடு ஒரு விண்ணப்பத் தாள் வரும். பாதி நேரம் அதில் பெயர், வயது, “இடது மார்பில் கட்டி” என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. இந்தத் தாளை நிரப்பாமல் விடுவதுதான் இந்தத் துறையின் தீராத வியாதி என்பது என் கட்சி.

ஒருமுறை இப்படி வந்த ஸ்லைடில் பெரிய பெரிய செல்கள், பளிச்சென்ற உட்கருமணிகள். பால் நாளப் புற்று, உயர் கிரேடு என்று எழுதப் போனவன், ஹார்மோன் ஸ்டெயின் எல்லாம் நெகட்டிவாக வந்ததும் நின்றேன். நோயாளியின் மகளிடம் போனில் பேசியபோது, “டாக்டர், அம்மாவுக்குப் பாதத்துல ஒரு கறுப்புப் புண்ணு இருந்துச்சு. ஏழெட்டு வருஷம் முந்தி எடுத்தாங்க. அது இதுக்குச் சம்பந்தமில்லையே?” என்றார். சம்பந்தம் அதில்தான் இருந்தது. உள்ளங்காலில் வந்த மெலனோமா என்ற தோல் நிறமிப் புற்று, இத்தனை வருடம் கழித்து மார்பில் தலைகாட்டியிருக்கிறது. நம்மைப் போன்ற கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பாதத்திலும் நகத்தடியிலும் வருவது சகஜம். வீட்டில் அதைக் “காலில் ஆணி” என்று சொல்லி மறந்திருப்பார்கள்.

ஆகவே, கேட்க வேண்டியவை: முன்பு எந்த உறுப்பில் என்ன அறுவை சிகிச்சை நடந்தாலும், அது 20 வருடத்துக்கு முந்தையதானாலும், மார்புக்கு முன்பு கதிர்வீச்சு கொடுத்தார்களா, மார்பில் செயற்கை இம்ப்ளான்ட் உண்டா, சமீபத்தில் பிரசவம், தாய்ப்பால் கொடுத்தல், காசநோய், நோயாளி ஆண் என்றால் புராஸ்டேட் பற்றியும். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட கட்டி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலானவை கீழே வரும்.

வேறு உறுப்பிலிருந்து மார்பகத்துக்குப் பரவும் புற்று அரிது. வந்தால் மெலனோமா, ரத்தப் புற்று வகைகள், நுரையீரல், சினைப்பை ஆகியவற்றிலிருந்து வருவது வழக்கம். எதிர்ப்பக்க மார்பகத்திலிருந்து வருவதும் உண்டு. பதின்வயதுப் பெண்ணின் மார்பில் நீலநிறச் சிறு வட்டச் செல்களாக ஒரு கட்டி என்றால், தசைப்புற்றான ராப்டோமயோசார்கோமா எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 2: மேமோகிராமும் ஸ்கேனும் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்

வழக்கமான மார்பகப் புற்று, சுற்றியுள்ள திசுவைப் பிடித்து இழுக்கும். அதனால் மேமோகிராமில் நண்டுக்கால் போலக் கோடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வந்து தங்கும் புற்று பெரும்பாலும் உருண்டையாக, ஓரம் தெளிவாக, தோலுக்குச் சற்றுக் கீழேயே உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்காது. சினைப்பைப் புற்று மட்டும் விதிவிலக்கு. அது சில நேரம் போகிற இடத்துக்குச் சுண்ணாம்புத் துகளையும் எடுத்துக்கொண்டு போகும்.

இதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. சளி நிறைந்த மியூசினஸ் புற்று மார்பகத்திலேயே பிறந்தது, ஆனாலும் ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டி மாதிரி உருண்டையாகத் தெரியும். இதற்கு நேர்மாறு கிரானுலார் செல் கட்டி. நண்டுக்கால், கடினம், தோல் இழுப்பு என்று புற்றின் அத்தனை வேஷமும் போடும். ஆனால் அது பெரும்பாலும் தீங்கற்றது, நரம்பு உறைச் செல்லிலிருந்து வருவது. ஸ்கேன் ஒரு சந்தேகத்தைத் தருகிறது. அந்தச் சந்தேகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 3: திசுவை ஒழுங்காக எடுங்கள், ஒழுங்காக அனுப்புங்கள்

மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. மலிவு, அரை நாளில் பதில். நம் ஊரில் இன்னும் நிறையப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே பேசும் கட்டிகளுக்கு அது போதாது. செல் எப்படி இருக்கிறது என்பதைவிட, செல்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் இவற்றில் துப்பு. அதற்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே 14 கேஜ் ஊசியால் எடுக்கும் கோர் பயாப்சி வேண்டும், பல துண்டுகளாக.

எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பஃபர் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளுக்கும் ஹெர்2 என்ற வளர்ச்சி ஏற்பிக்கும் செய்யும் சோதனைகளில் உலகெங்கும் பின்பற்றும் கணக்கு இது. குளுக்கோஸ் பாட்டில் சலைனில் ஒரு ராத்திரி கிடந்த திசு வந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் மிதந்துகொண்டும் வந்திருக்கிறது. அப்படி வந்ததில் ஹார்மோன் நெகட்டிவ் என்று காட்டினால் அது கட்டியின் குணமா, திசு கெட்டதன் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சையில் எடுத்த முழு மார்பகத்தை வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்புவதும் நடக்கிறது. உள்ளே போகும்போது வளைந்து கொடுக்கும். ஃபார்மலினில் விறைத்த பிறகு பாட்டிலை உடைத்தால்தான் வெளியே வரும்.

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் தனியாக, செல்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதை ஊசி போடுவதற்கு முன்பே லேபில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: முதலில் சாதாரண ஸ்டெயினில், குறைந்த பெருக்கத்தில்

இளஞ்சிவப்பும் ஊதாவுமாக வரும் எச் அண்ட் இ ஸ்லைடில்தான் எல்லாம் தொடங்க வேண்டும். பெரிய லென்ஸுக்குத் தாவ வேண்டாம். சின்ன லென்ஸில் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, கட்டியின் பக்கத்தில் பால் நாளங்களுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் புற்று, அதாவது டி.சி.ஐ.எஸ். அது இருந்தால் கட்டி இந்த வீட்டில்தான் பிறந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. (வெளியிலிருந்து வந்த புற்று அபூர்வமாக நாளத்துக்குள் புகுந்து அப்படி நடிப்பதும் உண்டு. நாளத்தைச் சுற்றியுள்ள மயோஎபிதீலியச் செல்களைக் காட்டும் ஸ்டெயின்கூட அங்கே ஏமாற்றலாம்.)

டி.சி.ஐ.எஸ். இல்லை என்பதற்காகப் புகுந்த வீடு என்று முடிவு கட்டவும் கூடாது. கோர் பயாப்சி என்பது கட்டியின் நூலளவு. நாளம் அந்த நூலில் அகப்படாமல் போயிருக்கலாம்.

அப்புறம், கண்ணுக்குப் படும் உருவத்தை வைத்து எந்தக் குடும்பம் என்று பிரிக்க வேண்டும். சல்லடை மாதிரி ஓட்டைகளா? பாப்பில்லா என்னும் விரல் போன்ற நீட்சிகளா? கதிர் போல நீண்ட செல்களா? ஒட்டாமல் தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும் வட்டச் செல்களா? நுரைத்த, துகள் நிறைந்த பெரிய செல்களா? ஒவ்வொன்றுக்கும் சந்தேகப் பட்டியல் வேறு, அடுத்து போடும் ஸ்டெயின் வரிசையும் வேறு.

படி 5: இம்யூனோ ஸ்டெயினைக் கூட்டமாகப் போடுங்கள்

ஐ.எச்.சி. என்பது செல்லுக்குள் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பழுப்பாகக் காட்டும் முறை. ஒரு ஸ்டெயினை மட்டும் நம்பி முடிவெடுத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் மாட்டியிருக்கிறார்கள். காரணம், எந்தப் புரதமும் ஒரே உறுப்புக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதில்லை.

கேட்டா3 மார்பகத்துக்கு நல்ல அடையாளம். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றிலும் உமிழ்நீர்ச் சுரப்பியின் சில கட்டிகளிலும் தோல் சுரப்பிக் கட்டிகளிலும் வரும். டிஆர்பிஎஸ்1 புதிதாக வந்தது. ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் புற்றிலும் மார்பகத்தைக் காட்டிக்கொடுப்பதால் எங்களுக்குப் பெரிய உதவி. மாமாகுளோபினும் ஜிசிடிஎஃப்பி-15ம் பாசிட்டிவாக வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஈஆர் பாசிட்டிவ், ஆகவே மார்பகம்தான் என்று நினைப்பது ரொம்பப் பழைய பொறி. சினைப்பை, கருப்பைப் புற்றுகளிலும் ஈஆர் நன்றாகவே வரும். அங்கே பிஏஎக்ஸ்8 போட வேண்டும். சினைப்பையில் பாசிட்டிவ், மார்பகத்தில் நெகட்டிவ். டபிள்யூடி1 துணைக்கு வரும், ஆனால் மார்பக மியூசினஸ் புற்றிலும் அது வரக்கூடும் என்பதால் தனியாக நம்ப வேண்டாம்.

நுரையீரலுக்கு டிடிஎஃப்1, நாப்சின்-ஏ. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சின்னச் செல் நரம்பு-நாளமில்லாப் புற்று மார்பகத்திலேயே பிறந்தாலும் டிடிஎஃப்1 பாசிட்டிவாக வரலாம். அங்கே ஸ்டெயின் தீர்ப்புச் சொல்லாது, நெஞ்சு சி.டி. ஸ்கேன்தான் சொல்லும்.

பாதத்தில் மெலனோமா இருந்த அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். மெலனோமாவுக்குப் போடும் எஸ்100, சாக்ஸ்10 இரண்டும் டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றில் கணிசமான அளவில் பாசிட்டிவாக வருகின்றன. இரண்டையும் மட்டும் போட்டிருந்தால் மார்பகப் புற்றை மெலனோமா என்றும் எழுதலாம், மெலனோமாவை மார்பகப் புற்று என்றும் எழுதலாம்! மார்பகப் புற்றில் இருக்க வேண்டிய கெரட்டின் புரதம் நெகட்டிவ், மெலனோமாவின் அடையாளங்களான மெலன்-ஏ, எச்எம்பி45 பாசிட்டிவ் என்று வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு ஏற்பாடாகச் சொன்னால்: கெரட்டின், மார்பக அடையாளங்களில் இரண்டு, ஈஆர்-பிஆர்-ஹெர்2, மயோஎபிதீலியத்துக்கு பி63-யும் மயோசினும், சந்தேகப்படும் வேறு உறுப்புக்கு இரண்டு. துண்டு சின்னதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் தீர்த்துவிடாமல், கொஞ்சம் திசுவை மரபணுச் சோதனைக்கு மிச்சம் வைக்க வேண்டும். பிளாக்கில் திசு தீர்ந்துபோனால் நோயாளியை மறுபடி குத்த வேண்டியதுதான்.

படி 6: தைராய்டு வேஷம்

இப்போது நம் 62 வயது அம்மாவின் ஸ்லைடு. இந்தக் கட்டியை 2003இல் இத்தாலிய நோயியல் நிபுணர் எவுசெபியும் அவர் குழுவினரும் முதலில் விவரித்தார்கள். பெயரே, தைராய்டின் நெட்டைச் செல் பாப்பில்லரி புற்றை ஒத்த மார்பகக் கட்டி என்றுதான் வைத்தார்கள். ஒத்திருப்பதையே பெயராக வைக்கும் அளவுக்கு ஒற்றுமை. பிறகு பல பெயர்கள் மாறி, 2019இல் வந்த உலக சுகாதார அமைப்பின் மார்பகக் கட்டிகள் வகைப்பாட்டில் “திசைமாறிய நெட்டைச் செல் புற்று” என்று பொருள்படும் பெயரில் தனி இடம் பிடித்தது.

திசைமாறுவது என்றால் என்ன? சாதாரணமாக இப்படி வரிசையாக நிற்கும் செல்லில் உட்கரு அடிப்பக்கம், அதாவது ரத்தக்குழாய் ஓடும் தண்டுப் பக்கம் இருக்கும். இந்தக் கட்டியில் உட்கரு தலைகீழாக மேல்நுனிக்கு ஏறி நிற்கிறது. அடியில் இருப்பதெல்லாம் இளஞ்சிவப்பாய், துகள் துகளாய், மைட்டோகாண்ட்ரியா நிறைந்த சைட்டோபிளாசம். ஒருமுறை இதைக் கண்ணில் பதித்துக்கொண்டால் மறக்காது. பாப்பில்லாத் தண்டுகளுக்குள் நுரைச்செல்கள் குவிந்திருக்கும். உட்கருவில் பள்ளம், சைட்டோபிளாசம் உட்கருவுக்குள் புகுந்தது போலத் தெரியும் பொய்ச் சேர்க்கை எல்லாம் தைராய்டிலிருந்து கடன் வாங்கியது மாதிரி.

குழப்பம் அடுத்தடுத்து எப்படிப் பின்னிக்கொள்கிறது என்று பாருங்கள். ஈஆர் இல்லை அல்லது மங்கலாக இருக்கிறது, ஆகவே “மார்பகமாக இருக்காது” என்று தோன்றுகிறது. கட்டிக் கூட்டங்களைச் சுற்றி மயோஎபிதீலியம் இல்லை, டி.சி.ஐ.எஸ். இல்லை, வெளியிலிருந்து வந்தது என்ற எண்ணம் இன்னும் வலுக்கிறது. கடைசியாகக் கழுத்து ஸ்கேனில் முடிச்சு. நடுவயதைத் தாண்டிய பெண்களில் ஸ்கேன் செய்தால் தைராய்டு முடிச்சு தெரிவது வெகு சாதாரணம். தேடினால் கிடைக்கிற பொருளைச் சாட்சியாக ஏற்கக் கூடாது.

அவிழ்ப்பது எளிது, போட வேண்டிய ஸ்டெயின் நினைவுக்கு வந்தால். டிடிஎஃப்1, தைரோகுளோபுலின் இரண்டும் நெகட்டிவ். கேட்டா3 பெரும்பாலும் பாசிட்டிவ். சிகே5/6, சிகே7 பாசிட்டிவ். யாரும் எதிர்பார்க்காத கால்ரெட்டினினும் பாசிட்டிவ். நுரையீரல் உறையின் மீசோதீலியத்துக்குப் போடும் ஸ்டெயின் அது, மார்பகத்தில் இவ்வளவு பளிச்சென்று வருவது இந்தக் கட்டியின் முத்திரை. சந்தேகம் மிச்சமிருந்தால் மரபணு: 2016இல் சியாங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கட்டிகளில் ஐடிஎச்2 மரபணுவின் 172ஆம் இடத்தில் பிறழ்வு இருப்பதைக் காட்டினார்கள். மூளையின் கிளையோமாவிலும் சில ரத்தப் புற்றுகளிலும் தெரிந்த மரபணு, மார்பகத்தின் மற்றப் புற்றுகளில் அநேகமாகக் காணாதது. அந்தப் பிறழ்வையே நேராகப் பிடிக்கும் ஸ்டெயினும் இப்போது உண்டு.

இது டிரிபிள் நெகட்டிவ் என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பம் கலங்கிப்போகும். ஆனால் இந்தக் கட்டி மெதுவாக வளர்வது. அக்குள் நிணநீர் முடிச்சுக்கோ வெளியிடத்துக்கோ போவது அபூர்வம்.

படி 7: டிரிபிள் நெகட்டிவ் என்றதும் நின்று யோசியுங்கள்

மேலே சொன்னதற்கு இரண்டு உறவினர்கள் இருக்கிறார்கள். மூன்று பேரும் டிரிபிள் நெகட்டிவ் அல்லது அதற்கு அருகில், மூன்று பேரும் பெரும்பாலும் சாது.

அடினாய்டு சிஸ்டிக் புற்று உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவது. அதே உருவத்தோடு மார்பகத்திலும் பிறக்கும். சல்லடை மாதிரி ஓட்டைகள், அவற்றில் சாம்பல்நீலச் சளி. மார்பகத்தின் கிரிப்ரிஃபார்ம் புற்றும் சல்லடைதான், ஆனால் அதில் ஈஆர் பலமாக இருக்கும். கொலாஜினஸ் ஸ்பெருலோசிஸ் என்ற தீங்கற்ற மாற்றமும் இதே சல்லடையைக் காட்டும். அடினாய்டு சிஸ்டிக்கில் சிடி117 பாசிட்டிவ். எம்ஒய்பி, என்எஃப்ஐபி என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை, மரபணுவை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃபிஷ் சோதனையில் பார்க்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பியில் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும் இதே கட்டி, மார்பகத்தில் பிறந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு அடங்கிவிடுகிறது. பேசலாய்டு என்னும் அடர்நீலச் செல்கள் கெட்டியாக நிறைந்த வகை மட்டும் வேறு சுபாவம். ரிப்போர்ட்டில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சுரப்புப் புற்று, அதாவது செக்ரீட்டரி கார்சினோமா, 1966இல் மெக்டிவிட்டும் ஸ்டூவர்ட்டும் குழந்தைகளிடம் கண்டு எழுதியது. பெரியவர்களுக்கும், ஆண்களுக்கும் வரும். குமிழ் குமிழாக இளஞ்சிவப்புச் சுரப்பு, எஸ்100 பாசிட்டிவ். இடிவி6, என்டிஆர்கே3 மரபணுக்களின் இணைவுதான் இதன் வேர். ஒரு கைக்குழந்தையின் மென்திசுக் கட்டியிலும், உமிழ்நீர்ச் சுரப்பியின் ஒரு புற்றிலும் இதே இணைவு இருக்கிறது. பான்-டிஆர்கே ஸ்டெயின் உட்கருவில் பழுப்பேறும். இந்த இணைவைத் தேடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: பரவிய நிலையில் இருந்தால், 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் போன்ற மாத்திரைகள் இந்த இணைவைக் குறிவைத்தே செய்யப்பட்டவை.

இந்த மூன்றையும் வழக்கமான டிரிபிள் நெகட்டிவ் என்று எழுதிவிட்டால் நோயாளிக்குத் தேவையில்லாத கீமோ போகும். அதனால் டிரிபிள் நெகட்டிவ், குறைந்த கிரேடு, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 குறைவு என்று மூன்றும் ஒன்றாக வரும் ரிப்போர்ட்டை நான் ஒருபோதும் அப்படியே விடுவதில்லை.

படி 8: கதிர்ச் செல்கள் என்றால் தலைகீழ் எச்சரிக்கை

நீண்ட கதிர் போன்ற செல்கள் உடம்பில் வேறெங்கே இருந்தாலும் தசை, நார், நரம்பு என்று யோசிப்போம். மார்பகத்தில் மட்டும் முதல் சந்தேகம் மெட்டாபிளாஸ்டிக் புற்றாக இருக்க வேண்டும். சார்கோமா வேஷத்தில் வந்த மார்பகப் புற்று அது. சில வகைகள் தழும்புத் திசு போல அவ்வளவு சாதுவாகத் தெரியும், பரவாத நார்த்திசு வளர்ச்சியான ஃபைப்ரோமடோசிஸ் என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

கெரட்டின் ஸ்டெயினில் ஒன்று நெகட்டிவ் என்றால் போதாது. திட்டுத் திட்டாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிக்கும். சிகே5/6, சிகே14, 34பீட்டாஈ12, கூடவே பி63 என்று நாலைந்து போட வேண்டும். சிடி34 பாசிட்டிவ் என்றால், மார்பகத்தின் நார்த்திசுவிலிருந்து வளரும் ஃபிலோட்ஸ் கட்டியின் பக்கம் சாயலாம். ஆனால் தீவிர ஃபிலோட்ஸ் கட்டியிலும் கெரட்டின் சில இடங்களில் வரும் என்பதால், சின்ன கோர் துண்டில் இந்த வழக்கைத் தீர்க்க அவசரப்பட வேண்டாம். “கதிர்ச் செல் கட்டி, முழுவதும் எடுத்து அனுப்பவும்” என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. உண்மையான ஃபைப்ரோமடோசிஸில் பீட்டா-கேட்டெனின் உட்கருவில் சேரும், கெரட்டின் இருக்காது.

மார்புக்குக் கதிர்வீச்சு வாங்கிச் சில வருடங்கள் கழித்துத் தோலில் கன்றிப்போன மாதிரி நீலத்திட்டு வந்தால், அடிபட்டதாக நினைத்து விடக் கூடாது. ஆஞ்சியோசார்கோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்று அப்படித்தான் வரும். சிடி31, இஆர்ஜி ஸ்டெயின்கள் ரத்தக்குழாய் என்று காட்டும். கதிர்வீச்சுக்குப் பின் வரும் தீங்கற்ற குழாய் மாற்றங்களிலிருந்து எம்ஒய்சி மரபணுவின் பெருக்கம் பிரித்துக் காட்டும்.

படி 9: உதிரிச் செல்கள்

ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும் வட்டச் செல்கள் லோபுலார் புற்றாகவும் இருக்கலாம், லிம்போமாவாகவும் இருக்கலாம், வயிற்றிலிருந்து வந்த முத்திரை மோதிரச் செல் புற்றாகவும் இருக்கலாம். கெரட்டினும், வெள்ளணுக்களின் அடையாளமான சிடி45ம் முதல் இரண்டைப் பிரித்துவிடும். மோதிரச் செல்லுக்கு ஈஆர், கேட்டா3 நெகட்டிவ், சிடிஎக்ஸ்2 அல்லது சிகே20 பாசிட்டிவ் என்று வந்தால் வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி. லிம்போமா என்றால் மார்பகத்தை எடுப்பது சிகிச்சையே இல்லை, மருந்தோ கதிர்வீச்சோதான். பயாப்சிக்கு முன்பே மார்பகத்தை எடுத்துவிட்டால் அந்த நஷ்டத்தை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

இம்ப்ளான்ட் வைத்துப் பல வருடம் ஆனவருக்குத் திடீரென ஒரு பக்கம் நீர் கோத்து வீங்கினால், அந்த நீரை வீணாக்காமல் முழுக்க லேபுக்கு அனுப்ப வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்களைச் சுற்றி வரும் ஒரு டி-செல் லிம்போமா பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே எச்சரித்தது. சிடி30 பாசிட்டிவ், ஏஎல்கே நெகட்டிவ் என்பது அதன் அடையாளம்.

படி 10: புற்றே இல்லாத வேஷதாரிகள்

நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மார்பகக் காசநோய் கல்லுப் போல கட்டியாக, அக்குளில் நெறி கட்டி, புற்றின் நகலாகவே வரும். ஸ்லைடில் கிரானுலோமா என்னும் அழற்சிச் செல் முடிச்சு தெரியும், ஆனால் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் சிவப்பு ஸ்டெயினில் பெரும்பாலும் அகப்படாது. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையும் கல்ச்சரும் அனுப்ப வேண்டும். பிரசவமாகிச் சில வருடங்களுக்குள் வரும் கிரானுலோமா வகை மார்பக அழற்சியும் இதே உருவம். அதற்குக் காசநோய் மருந்து கொடுத்தால் பலனில்லை.

கிரானுலோமா தெரிந்ததும் நிம்மதியாக மூடிவிடவும் வேண்டாம். அழற்சிச் செல்களுக்கு நடுவில் லோபுலார் புற்றுச் செல்கள் ஒளிந்து நிற்கலாம். ஒரு கெரட்டின் ஸ்டெயின் போட்டால் ஆள் தெரிந்துவிடும்.

கிரானுலார் செல் கட்டியை முன்பே சொன்னேன்: கெரட்டின் நெகட்டிவ், எஸ்100 பாசிட்டிவ். மைக்ரோகிளாண்டுலார் அடினோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. மயோஎபிதீலியம் இல்லையென்றால் ஊடுருவிய புற்று என்று வகுப்பில் படித்த விதியை உடைக்கும் தீங்கற்ற மாற்றம். அதைச் சுற்றி அடித்தளச் சவ்வு அப்படியே இருக்கும், எஸ்100 பலமாக வரும்.

படி 11: மூன்றும் பொருந்துகிறதா?

கைக்குத் தட்டுப்பட்டது, ஸ்கேனில் தெரிந்தது, ஸ்லைடில் வந்தது: மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் பைராட்ஸ் 5, அதாவது புற்றாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம், என்றிருக்க, பயாப்சி “சாதாரண நார்த்திசு” என்று வந்தால், பயாப்சி கட்டியைத் தவறவிட்டிருக்கிறது என்று கொண்டு மறுபடி எடுக்க வேண்டும். படி 2இல் எழுதி வைத்த சந்தேகம் இங்கேதான் பயன்படும். நோயியல், ரேடியாலஜி, அறுவை சிகிச்சை, புற்றுநோய் மருத்துவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு உள்ள மருத்துவமனை என்றால் நல்லது.

குடும்பத்தினருக்கு: ரிப்போர்ட்டில் “அரிய வகை”, “சந்தேகத்துக்குரியது”, “மேலும் சோதனை தேவை” என்ற சொற்கள் இருந்தால் இரண்டாவது கருத்துக் கேட்பது நியாயம். எந்த நல்ல நோயியல் நிபுணரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடினமான ஸ்லைடை நாங்களே ஒருவருக்கொருவர் அனுப்பித்தான் பார்த்துக்கொள்கிறோம். ரிப்போர்ட் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ வேலூருக்கோ மும்பைக்கோ பஸ் ஏற வேண்டாம். தேவைப்படுவது ஸ்லைடுகளும், திசு பதிந்திருக்கும் மெழுகு பிளாக்கும். லேபில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். மேமோகிராம் படங்கள், ஸ்கேன் சி.டி., பழைய அறுவை சிகிச்சைச் சீட்டுகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

நம் 62 வயது அம்மாவின் இறுதி ரிப்போர்ட் இப்படி வரும்: திசைமாறிய நெட்டைச் செல் புற்று, மார்பகத்திலேயே தோன்றியது, டிடிஎஃப்1, தைரோகுளோபுலின் நெகட்டிவ், கால்ரெட்டினின் பாசிட்டிவ், ஐடிஎச்2 பிறழ்வு உண்டு. கட்டியை மட்டும் சுற்றிலும் சுத்தமான ஓரம் விட்டு எடுத்து, அக்குளில் புற்று பரவினால் முதலில் சேரும் நிணநீர் முடிச்சான காவல் முடிச்சைப் பார்ப்பார்கள். கீமோ வேண்டுமா என்று டியூமர் போர்டில் பேசி, அநேகமாக வேண்டாம் என்பார்கள். கழுத்து முடிச்சை அதன் சொந்தத் தகுதியில், தைராய்டு மருத்துவர் தனியாக அல்ட்ராசவுண்ட் செய்து, ஊசி போட்டுப் பார்க்கத் தேவையா என்று முடிவு செய்வார்.